குதிகால் ஊன்றும் வண்டி

வேலையை விட்டு வந்த பிறகும் ஷோரூமிலிருந்து எனக்குப் போன் வருவது நிற்கவில்லை. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷர்மிளா போன வாரம் கூப்பிட்டாள்.

"அக்கா, இப்பல்லாம் யாரும் வண்டியப் பாக்கவே வர்றதில்லக்கா. போன்லயே பாத்து, போன்லயே புக் பண்ணிட்டு, சாவி வாங்கத்தான் வர்றாங்க. நேத்து ஒருத்தர் வீட்டுக்கே கொண்டாந்து எறக்கிருங்கன்னுட்டாரு. மொத மொத வண்டி ஓட்டப் போறவங்ககிட்ட நம்ம என்னத்தக்கா சொல்றது?"

"கால் தரையில ஊணுதான்னு கேளுடி. அது போதும்" என்றேன்.

அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். இவ்வளவு வருஷம் வண்டி விற்ற பொம்பளை இதைத்தான் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு மீனாளைத் தெரியாது, மீனாளின் வீட்டுக்காரர் சுரேஷைத் தெரியாது. இது போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் அந்த ஷோரூமுக்கு நான் ரசீது போடத்தான் போனேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து சேலையைச் சக்கரத்தில் விடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். விற்பனைக்கு இருந்த பையன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்குப் போய்விட்டான். "மல்லிகா, நல்லா வாய் பேசுற, நீயே நில்லு" என்று மேனேஜர் என்னை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அப்படி நின்றவள்தான், ரிட்டயர் ஆகும்வரை நின்றேன்.

அந்த மேனேஜர் ஜபருல்லா அண்ணன். கோட்டைப்பட்டினத்துக்காரர். வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் பாய், எங்களுக்கு அண்ணன். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வண்டி விற்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். வாங்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், கலர் கேட்பார்கள். இவர் திருப்பி ஒன்று கேட்பார்.

"கடைசியா எப்ப சைக்கிள்ல இருந்து விழுந்தீங்க?"

விழுந்ததே இல்லை என்று மார் தட்டுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அப்ப இனிமேத்தான் விழுகணும்" என்று முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் சொல்வார். முட்டித் தழும்பைக் காட்டுகிறவன் என்றால் உட்கார வைத்து டீ சொல்வார்.

வண்டிக்கு முன்னால் ஹெல்மெட்டைத்தான் எடுக்கச் சொல்வார். தலையில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புவார். கன்னத்துச் சதையும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால், "இது சட்டிங்க, கஞ்சி காச்சலாம்" என்று பிடுங்கி வைத்துவிடுவார். அதற்கப்புறம்தான் வண்டிப் பக்கம் போக முடியும். போனாலும் இன்ஜினைப் போட விடமாட்டார். ஏறி உட்கார வேண்டும். சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, வந்தவரின் குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, இவ்வளவு பெரிய மனுஷன் ஊரான் காலடியில் குனிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. விரல் நுழைந்தால் அந்த வண்டி கிடையாது.

நுழையவில்லை என்றாலும் விடமாட்டார். பின்பக்கம் ஒரு சிமெண்டு முற்றம் இருந்தது. அங்கே வண்டியை உருட்டிக்கொண்டே எட்டுப் போட வேண்டும். பிறகு பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதில் மூச்சு வாங்கியவர்களிடம், "இது ஒங்களுக்குக் கூடுதல் கனம். ஒரு வருஷம் சின்னதுல ஓட்டுங்க. அப்பறம் வாங்க, பெருச நானே எடுத்துத் தாரேன்" என்பார்.

விற்க உட்கார்ந்திருக்கிற இடத்தில் இப்படி விற்காமல் அனுப்புகிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஓடுற வண்டி அவ்வளவு சீக்கிரம் யாரையும் கீழ தள்ளாது மல்லிகா. புதுசா ஓட்டுறவன நிக்கப் போற நேரத்துலதான் தள்ளும். ஆடு குறுக்க வரும், மண்ணு கெடக்கும், எதுக்க பஸ்ஸு வரும். ஓரங்கட்டி நிக்கணும்ல? அப்பக் கால் தரையத் தேடும். தேடுற காலுக்குத் தரை ஆம்புடணும்" என்றார்.

இனி மீனாள் கதை.

அவளுடைய அப்பா அடைக்கலம் பொன்னமராவதியில் கடலை மண்டி வைத்திருந்தார். ஒரே மகள். கல்யாணம் நிச்சயமான கையோடு மகள், மனைவி, மச்சினன் என்று குடும்பத்தோடு வந்து இறங்கினார். இந்தப் பக்கம் சீர் வரிசையில் பைக் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பீரோ, கட்டில், பித்தளை அண்டா எல்லாவற்றுக்கும் முன்னால் மாலை போட்ட பைக் நிற்கும். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணைப் பின்னால் உட்கார வைத்து அதில்தான் மண்டபத்தைவிட்டுப் போக வேண்டும். ஊரே பார்க்கும். அதனால் எந்த வண்டி என்பது பெண் வீட்டாரின் கௌரவம்.

"இருக்கிறதுலயே பெருசு எது பாய்? அதப் போடுங்க" என்றார் அடைக்கலம்.

எங்களிடம் இருந்ததில் பெரியது இருநூறு சிசி. பின் சீட் தூக்கிக்கொண்டு, டேங்க் புடைத்துக்கொண்டு, நின்றாலே பாய்கிற மாதிரி இருக்கும். பழகினவர்களுக்கு நல்ல வண்டி. நானே எத்தனையோ விற்றிருக்கிறேன்.

"மாப்பிள்ளை எவ்வளவு ஒசரம்?" என்றார் அண்ணன்.

"அது எதுக்கு?"

"ஒரு தடவ கூட்டிக்கிட்டு வாங்க. ஏறி ஒக்காந்து பாக்கட்டும். கால் ஊணணும்ல."

அடைக்கலம் விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு பாத்த மாதிரி மாப்பிள்ளையக் கூட்டியாந்து ஒக்கார வச்சுப் பாக்கச் சொல்றீகளா? நல்லாருக்கு பாய் ஒங்க ஞாயம். சீர் வைக்கிற சாமான அவுகளக் கூப்பிட்டுக் காட்டிட்டா வாங்குவாக? அண்டாவுக்குள்ள எறங்கிப் பாத்தா வாங்குறோம்?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் சிரிப்பு வந்தது. மீனாள் மட்டும் சிரிக்கவில்லை. ஹெல்மெட் அடுக்கின பக்கம் போய் நின்றுகொண்டு என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அக்கா, அவுகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுக்கா" என்றாள் மெதுவாக. "சொந்த ஊரு வல்லத்திராக்கோட்டையில இருந்து ஸ்கூலுக்குச் சைக்கிள், அப்பறம் நேரா திருப்பூரு பனியன் கம்பெனி. அங்க கம்பெனி பஸ்ஸு. போன்ல எங்கிட்ட மட்டும் சொன்னாக. எங்கப்பாகிட்ட நான் சொன்னதாச் சொல்லிராதீக, அவுக மூஞ்சி செத்துப் போயிரும்."

"ஒசரமாவது இருப்பாரா?"

"என்னளவுதான் இருப்பாக."

அவள் என் தோள் உயரம் இருந்தாள்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அடைக்கலத்தை வாசலுக்குத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். மீனாள் பெயரை இழுக்காமல், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார். "மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னே வச்சுக்கங்க. அப்ப இந்த வண்டி ஆபத்துங்க. நூறு சிசியில ஒண்ணு எடுங்க. லேசா இருக்கும், சொன்னபடி கேக்கும்."

அடைக்கலத்துக்கு முகம் மாறிவிட்டது. "வண்டி ஓட்டத் தெரியாத ஆம்பளை எவன் இருக்கான் இந்தக் காலத்துல? தெரியலேன்னா பழகிக்கிடுவாரு. எங்க பங்காளி மகளுக்கு நூத்தம்பது வச்சான். நான் நூறு வச்சா, அடைக்கலம் நொடிச்சுப் போயிட்டான்னு பேச மாட்டானா? இங்க இல்லேன்னா திருச்சியில எடுத்துக்கிடுறேன்" என்றார்.

திருச்சியில் எடுத்தால் அந்த மாப்பிள்ளை நம் கண்ணில்கூடப் படமாட்டார் என்று யோசித்தாரோ என்னவோ, அண்ணன் புக்கிங்கைப் போடச் சொன்னார். மீனாளிடமிருந்து சுரேஷின் நம்பரை வாங்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் மூடியிருக்கும். முற்றத்தைத் திறந்து வைத்துவிட்டு, மாப்பிள்ளையைத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வரச் சொல்லிவிட்டார்.

சுரேஷ் வந்தார். சிரித்த முகம், வந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அண்ணன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எட்டாப்புப் படிக்கிறப்ப கம்மாக்கரையில இருந்து சைக்கிளோட தண்ணிக்குள்ள போயிட்டேண்ணே" என்றார் சுரேஷ். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "டீ சொல்லு" என்றார்.

சர்வீஸுக்கு வைத்திருந்த பழைய நூறு சிசியில் ஏற்றினார். இரண்டு காலும் தரையில் பதிந்தன. குதிகாலுக்கடியில் விரல் நுழையவில்லை. முதலில் உருட்டச் சொன்னார். பிறகு கிளட்சை மட்டும் விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், மனுஷன் நடக்கிற வேகத்தில் போகச் சொன்னார். நிற்க வேண்டும். மறுபடி போக வேண்டும். நிற்க வேண்டும். காலை முழுக்க அதே வேலைதான். "ஓட்டுறது தன்னால வந்துரும். நிக்கப் படிங்க" என்றபடி கூடவே நடந்தார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் சுரேஷ் வந்தார். முற்றத்தைச் சுற்றி வருவார், வந்து நின்றதும் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பார்.

"அக்கா, எனக்கு இந்த வண்டியே போதும்க்கா. மீனாள வச்சுக்கிட்டு மெதுவா அங்க இங்க போய் வர்றதுக்கு இது ஏன் பத்தாது?"

"அத ஒங்க மாமனார்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றேன்.

"எப்படிக்கா சொல்றது? சின்ன வண்டி போதும்னு நான் சொன்னா, 'நீங்க இம்புட்டுச் செய்ய வேணாம், ஒங்களால முடியாது'ன்னு சொல்ற மாதிரி ஆயிராதா? ஆசையாச் செய்றாக. நான் கேக்கக்கூட இல்ல."

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். யார் மேல் கோபப்படுவது? மாப்பிள்ளை கேட்கவில்லை. மாமனார் அள்ளிக் கொடுத்தார். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவனையாவது வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருப்பேன்.

கல்யாணம் ஆவணியில். பழைய வண்டியில் முற்றத்தைச் சுற்றுவது வேறு, பட்டு வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு, மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருக்க, மேளம் அடிக்கிற கூட்டத்துக்கு நடுவே இருநூறு சிசியைக் கிளப்புவது வேறு. அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்க்கைச் சுத்தமாக வடித்துவிடச் சொன்னார். "சொட்டு இருக்கக் கூடாது" என்றார்.

நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சுரேஷ் வண்டியில் ஏறினார். பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். கிர் கிர் என்று இழுத்தது, அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார். பெட்ரோல் வாங்க ஆள் ஓடினான். அதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்று பெரியவர்கள் பறந்தார்கள். சுரேஷ் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்து, புரிந்துகொண்டு, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். மீனாள் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். "இப்பவே தள்ள ஆரம்பிச்சிட்டியாத்தா, காலம்பூரா தள்ளணும்!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

அடைக்கலம் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் ஷோரூமுக்கு வந்து குதி குதி என்று குதித்தார். "சபையில என் மானத்த வாங்கிட்டீகளே பாய்!" என்றார். அண்ணன் எழுந்து நின்று, "தப்பு எங்க மேலதாங்க" என்று ஒரே வார்த்தையாகச் சொன்னார்.

முதல் சர்வீஸுக்கு சுரேஷே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். சீட் பஞ்சை வெட்டி உயரத்தைக் குறைத்திருந்தார். அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். ஒரு விரல் இல்லை, மூன்று விரல் நுழைந்தது.

"இத வித்துட்டுச் சின்னதா எடுத்துக்கங்க தம்பி. நானே நல்ல ஆளாப் பாத்து வித்துத் தாரேன்."

"மாமா சபையில வச்சுக் குடுத்த வண்டிய எப்படிண்ணே விக்கிறது? மெதுவாத்தான் ஓட்டுறேன். நீங்க பயப்படாதீக."

மெதுவாகத்தான் ஓட்டினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவரைப் பற்றி ஊரில் சிலர், புது வண்டித் திமிரில் பறந்தான் என்று பேசினார்கள். அப்படிப் பேசினவர்கள் நாக்கு அழுகட்டும்.

மாசி மாசம். அம்மா வீட்டுக்குப் போயிருந்த மீனாளைக் கூட்டி வர பொன்னமராவதிக்குப் போய்க்கொண்டிருந்தார். கொள்ளு பிடுங்குகிற காலம். வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிருமென்று கொடியோடு ரோட்டில் பரப்பியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் எல்லா ஊரிலும் செய்கிறதுதான். எதிரே பஸ் வருகிறது, நடு ரோட்டில் கொள்ளுக்கொடி. சுரேஷ் அவசரப்படவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி வேகத்தைக் குறைத்து, ஓரங்கட்டி, ஒரு சின்னப் பாலத்துப் பக்கம் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் காலை ஊன்றப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் மண் சரிந்து பள்ளமாக இருந்திருக்கிறது. கொள்ளு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். "நின்ன வண்டிங்க. மெதுவாத்தாங்க சாஞ்சுச்சு. அந்தத் தம்பி கால வச்சுத் தேடுச்சு, எட்டல" என்றார்களாம். தடுப்பு இல்லாத பாலம். கீழே காய்ந்த ஓடை. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை கனமும் நெஞ்சில் விழுந்திருந்தது.

சுரேஷ் போய்விட்டார் என்று தகவல் வந்தபோது ஒருவரிடம் கலர் காட்டிக்கொண்டிருந்தேன். ஜபருல்லா அண்ணன் முற்றத்துக்குப் போய் அந்தப் பழைய நூறு சிசி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மதியம் சாப்பிடவில்லை. தொழுகைக்குக் கிளம்பியவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். சுரேஷ் எனக்கு என்ன உறவு? ஒரு உறவும் இல்லை.

இன்சூரன்ஸ் பார்ப்பதற்காக வண்டியை மினி லாரியில் எங்கள் முற்றத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஹேண்டில் வளைந்ததைத் தவிர பெரிய அடி ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட வந்த அடைக்கலம் ஆளே பாதியாகிவிட்டார். வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி அதில் ஏறப் பார்த்தார். அவரும் உயரமான ஆளில்லை. ஒரு கால் தொங்கியது.

"இம்புட்டு ஒசரமாம்மா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். "நான் ஏறிக்கூடப் பாக்கலியேம்மா."

கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணன் வெகுநாள் வேலையில் இருக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கோட்டைப்பட்டினத்துக்கே போய்விட்டார்.

நான் ரிட்டயர் ஆகிற மாதம். மீனாள் வந்தாள். ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. பஸ் நேரத்துக்கு வராத ஊர். ஸ்கூட்டர் வேண்டும் என்றாள். அடைக்கலம் கூடவே வந்திருந்தார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், அங்கேயே நின்றார்.

"அப்பா வேணவே வேணாம்னு ஒரு வாரமாச் சாப்பிடாமக் கெடந்தாக. நான் கேக்கல" என்றாள் மீனாள். பிறகு சொன்னாள். "கல்யாண ஆல்பத்துல எல்லாப் போட்டோலயும் அவுக வெறப்பாத்தாங்க்கா நிக்கிறாக. வண்டியத் தள்ளுற போட்டோ ஒண்ணுலதான் வாயி நெறையச் சிரிச்சிருக்காக. அன்னைக்கி மாதிரியே எப்பவும் தள்ளிக்கிட்டே போயிருக்கலாம்ல?"

ஹெல்மெட்டை எடுத்து அவள் தலையில் மாட்டினேன். இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தேன். கன்னம் கூடவே நகர்ந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. லேசான ஸ்கூட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன். ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டை எடுத்து, நிமிர்த்திப் பிடித்தாள். நான் வழக்கப்படி குத்தவைத்து உட்காரப் போனேன்.

எனக்கு முன்னால் அடைக்கலம் வந்துவிட்டார். எப்போது உள்ளே நுழைந்தாரோ தெரியாது. தரையில் மண்டியிட்டு, கிட்டத்தட்டத் தலை தரையில் படுகிற மாதிரிக் குனிந்து, மகளின் குதிகாலுக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. நகர்ந்து அந்தப் பக்கக் காலுக்குப் போனார். அங்கும் நுழையவில்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தார். அவள் காலை மறுபடி இறக்கினாள்.

"கால் ஊணுதா ஆத்தா?" என்றார்.

"ஊணுதுப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லாத்தா. ஊணுதா?"

மீனாள் அவரைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா ஊணுதுப்பா. மிதிக்கிறேன், வலிக்கும். கைய எடுங்க" என்றாள்.

அவர் எடுக்கவில்லை.